கம்ப்யூட்டரில் நிரம்பிய கண்மாய்

மொட்டப்பாறைப்பட்டி என்று ஓர் ஊர். ஊர்க்காரர்களின் தலைக்குள்ளே என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், வடக்கே நிற்கும் மொட்டைப் பாறையைக் கைகாட்டிவிட்டுப் பேசாமல் போய்விடலாம். மழை பெய்தால் பாறையில் தங்காது. சொன்ன சொல் இவர்கள் தலையில் தங்காது. தப்பித்தவறித் தங்கிவிட்டால் இன்னும் மோசம். சொன்னதைச் சொன்னபடியே செய்து தொலைப்பார்கள்.

அந்த ஊர் வடமலைக்கு நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் வீட்டார் வருவார்கள், வறண்ட கண்மாயைப் பார்ப்பார்கள், காபியைக் குடித்துவிட்டு வந்த வேகத்தில் போய்விடுவார்கள். இப்போது வந்திருக்கும் வரன் ஆற்றோரத்து ஊர் சீனிச்சாமியின் மகள். அவளைத் திருவிழாவில் பார்த்ததிலிருந்து வடமலைக்குச் சோறு இறங்கவில்லை. இதுவும் தட்டிப்போனால் தரகர் இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்.

சீனிச்சாமி போனில் சொன்னார்: “மாப்பிள்ளை போட்டோ வேணாம். ஆம்பளை எப்படி இருந்தா என்ன? ஊரைப் போட்டோ எடுத்து அனுப்புங்க. என் மக தண்ணியில வளந்தவ. கண்மாயில தண்ணி கிடக்கான்னு நான் பாக்கணும்.”

வடமலை செல்போனில் எடுத்தான். பின்னால் பாறை, முன்னால் வெடித்துக் கிடக்கும் கண்மாய், ஓரத்தில் ஒற்றைப் பனை, நட்டநடுவில் கரண்டுக் கம்பம். படத்தைப் பார்த்தபோது அந்த ஊருக்குப் பெண் கொடுக்க அவனுக்கே மனம் வரவில்லை.

தூக்கிக்கொண்டு கிருபாகரனிடம் ஓடினான். டவுனுக்குக் கம்ப்யூட்டர் படிக்கப் போய்ப் பாதியில் திரும்பியவன் கிருபாகரன். எந்தப் பாதியைப் படித்தான் என்று அவனுக்கும் தெரியாது. போட்டோவை ஓவியமாக மாற்றும் சாப்ட்வேர் ஒன்றை வைத்துக்கொண்டு, கண்மாய்க் கரையில் ஓர் அறை பிடித்து உட்கார்ந்திருந்தான். வடமலையின் தாய்மாமன் வெள்ளைக்கண்ணுவும் ஊர்த்தலைவர் சோணைமுத்துவும் கூடவே வந்து உட்கார்ந்தார்கள். இந்த ஊரில் ஒருவன் தனியாக முட்டாள்தனம் பண்ண மற்றவர்கள் விடமாட்டார்கள்.

“முதல்ல ஆயில் பெயிண்டிங்,” என்று கிருபாகரன் தட்டினான். பாறை வழவழவென்று மின்னியது.

சோணைமுத்து உற்றுப் பார்த்தார். “எண்ணெய் தேச்சு உட்கார வச்சிருக்க. எப்பக் குளிப்பாட்டுவ?”

அடுத்தது பென்சில் ஸ்கெட்ச். ஊரே கறுப்புக் கோடாகிப்போனது.

“கருமாதிப் பத்திரிகைக்கு ஆகும்,” என்றார் வெள்ளைக்கண்ணு. “கல்யாணத்துக்கு ஆகாது.”

மொசைக் போட்டான். படம் கட்டம் கட்டமாக உடைந்தது. டவுன் பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவர் இதேதான் என்று வெள்ளைக்கண்ணு சத்தியம் செய்தார்.

கடைசியில் வாட்டர் கலர். பனைமரம் மேலிருந்து கீழே கரைந்து ஒழுகியது. திரையின் அடியில் ஒரு குறிப்பு வந்தது: ‘அழகு தெரியத் தள்ளி நின்று பார்க்கவும்.’

தள்ளி நின்றார்கள். சுவரில் முதுகு முட்டியது. வாசல் வழியாக வெளியே போய்த் தள்ளி நின்றார்கள். கரையை விட்டு இறங்கி, கண்மாயைத் தாண்டி, மொட்டைப் பாறையில் முதுகு இடிக்கும்வரை தள்ளிப் போனார்கள். அங்கிருந்து பார்த்தால் கிருபாகரனின் அறையே புளியங்கொட்டை அளவுக்குத்தான் தெரிந்தது.

“எப்படி இருக்கு மருமகனே?”

“ஒரு குறையும் தெரியலை மாமா.”

“அப்ப இதுதான் படம்,” என்று தீர்ப்புச் சொன்னார் சோணைமுத்து.

திரும்பி வந்ததும் வடமலைக்குக் கம்பம் உறுத்தியது. “இது எதுக்குடா நடுவுல, மொய் வாங்க நிக்கிற மாதிரி? அழிச்சிரு.”

கிருபாகரன் அழித்தான். அடுத்த நொடி கரண்டு போயிற்று. அந்த ஊரில் தினமும் அதே நேரத்துக்குப் போகிற கரண்டுதான். அது அங்கே ஒருவருக்காவது நினைவுக்கு வரவேண்டுமே!

“போஸ்ட்டை அழிச்சான், கரண்டு செத்துப்போச்சு!” என்று கத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். கம்பம் நின்றுகொண்டிருந்தது.

“நிக்குதே மாமா!”

“நிக்கத்தான் செய்யுது. உசுரு இருக்கா பாரு.”

வடமலை கம்பத்தில் காதை வைத்துக் கேட்டான். “இல்லை மாமா.”

வெள்ளைக்கண்ணு தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் கரண்டு வந்தது. அழித்ததைக் கிருபாகரன் சேவ் பண்ணியிருக்கவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்ததும் பழைய படம்தான் வந்தது; நடுவில் கம்பம் ஜம்மென்று நின்றது.

சோணைமுத்து குரலைத் தாழ்த்தினார். “படத்துல போஸ்ட் போச்சு, ஊர்ல கரண்டு போச்சு. படத்துல வந்துச்சு, ஊர்லயும் வந்துருச்சு. இன்னும் என்னய்யா சாட்சி வேணும்?”

வடமலைக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. “அப்பக் கண்மாயில தண்ணியை விடுறா கிருபா!”

தலைவர் விவரமான ஆள். எடுத்த எடுப்பில் தண்ணீரை விட அனுமதிக்கவில்லை. ஊரைக் கூட்டி எச்சரித்தார். கண்மாய்க்குள் மேய்ந்த ஆடுகளை ஓட்டிவந்தார்கள். காயவைத்த மிளகாயை அள்ளினார்கள். சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டோடு கரையேறினார்கள். “மெதுவா விடு கிருபா, நம்ம கரை பலமில்லாத கரை,” என்றார். கிருபாகரன் மறுபடி வாட்டர் கலரைப் போட்டு, ஏதோ ஓர் ஏரியிலிருந்து தண்ணீரை வெட்டி ஒட்டினான். படத்தில் கண்மாய் தளும்பியது. ஊரே கரையில் காலைத் தொங்கப்போட்டுக் காத்திருந்தது. நிஜக் கண்மாயில் புழுதிதான் பறந்தது.

“அணையில திறந்த தண்ணியே வந்து சேர நாளாகுது. இது கம்ப்யூட்டர்ல திறந்தது. எந்த வாய்க்கால்ல வருதோ,” என்றார் சோணைமுத்து.

வெள்ளைக்கண்ணு எழுந்துபோய், கம்ப்யூட்டருக்குப் பின்னால் தொங்கிய வயர்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டார், அடைப்பு ஏதாவது இருந்தால் எடுபடட்டும் என்று.

படம் சீனிச்சாமிக்குப் போனது. அடுத்த முகூர்த்த நாளிலேயே தட்டும் பழமுமாகச் சொந்தபந்தத்தோடு வேனில் வந்துவிட்டார். எதிர்க்கரையில் வேனை நிறுத்திவிட்டு, கண்மாய்க்குள் குறுக்கே நடந்து வந்து கரையேறினார். போனைப் பார்த்தார், கண்மாயைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார்.

“இந்தத் தண்ணி எங்கய்யா?”

“படத்துக்கு வந்துருச்சுங்க,” என்றார் சோணைமுத்து. “ஊருக்கு வந்துக்கிட்டு இருக்கு.”

இப்போதே வேனுக்குத் திரும்பிவிடுவார் என்று வடமலை நினைத்தான். ஆனால் சீனிச்சாமிக்கு ஊர்தான் வேறு, சரக்கு இதே சரக்கு.

“நான் கண்ணை நம்புற ஆள் இல்லை. வெயில்ல கண்ணு ஏமாத்தும். படம் பொய் சொல்லாது,” என்றார். “ஆனா இதுல ஆழம் தெரியலையே. மாப்பிள்ளையைத் தண்ணிக்குள்ள நிறுத்திக் காட்டுங்க. ஆழம் இருந்தா இப்பவே தட்டு மாத்திக்குவோம்.”

கிருபாகரன் வடமலையை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு அறைக்குள் ஓடினான். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியே குரல் வந்தது. “அண்ணே, ஓரத்துல கணுக்கால்தான் நனையுது. நடுவுக்குக் கொண்டுபோறேன்!”

“டேய், எனக்கு நீச்சல் தெரியாதுடா!”

“போட்டுட்டேன்ணே! நீ இப்ப நடுவுல நிக்கிற!”

படம் போன இடத்துக்கு ஆள் போகாமல் இருக்கலாமா? வடமலை கரையிலிருந்து சறுக்கி இறங்கி, மோவாயைத் தூக்கிக்கொண்டு நடுக் கண்மாய்க்குப் போய் நின்றான். கால் கூசியது. இடுப்பு சில்லிட்டது.

“இன்னும் கொஞ்சம் இறக்கிவிடுறேண்ணே, அப்பத்தான் இயற்கையா இருக்கும்!”

அவ்வளவுதான். வடமலை கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி முங்கினான். இரண்டு கையும் புழுதியை அடித்துக் கிளப்பின. “மாமா!”

“மருமகன் போறானே!” என்று வெள்ளைக்கண்ணு மாரில் அடித்துக்கொண்டார். அவருக்கும் நீச்சல் தெரியாது, இறங்கவில்லை. சோணைமுத்து மாட்டுக் கயிற்றை வீசினார். வடமலை அதைப் பிடித்துக்கொள்ள, ஊரே சேர்ந்து அவனைக் கரைக்கு இழுத்தது. குப்புறப் போட்டு முதுகை அமுக்கினார்கள். வாயிலிருந்து மண்ணும் சருகும் வந்தன.

“எவ்வளவு குடிச்சிருக்கான் பாருங்க!” என்றார் சோணைமுத்து.

சீனிச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. “ஆள் முங்குற தண்ணியய்யா! குடுத்தேன் என் மகளை!”

கரையிலேயே தட்டு மாற்றினார்கள். வடமலை இருமிக்கொண்டே வெற்றிலையை வாங்கிக்கொண்டான்.

வேன் எதிர்க்கரையில் அல்லவா நின்றது! சீனிச்சாமியும் சொந்தபந்தமும் வேட்டி சேலையைத் தொடைவரை சுருட்டி, தட்டுகளைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, காலால் ஆழம் பார்த்துப் பார்த்து, புழுதிக்குள் இறங்கி நடந்தார்கள். பாதி வழியில் சீனிச்சாமி திரும்பி நின்று கத்தினார்:

“மாப்ளே! கல்யாணத்துக்கு நாங்க வர்றதுக்குள்ள, அந்தத் தம்பிகிட்டச் சொல்லி ஒரு பரிசலைப் போட்டு வைங்க!”