பன்னிரண்டு கதவும் ஒரு தீர்மானமும்

நாவல் மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில் விலங்குகள் சேர்ந்து தச்சர் மன்றம் நடத்தி வந்தன. கரடி மாடப்பன் அதன் தலைவர். கூட்டம் போடுவதென்றால் அதற்குத் தேனைவிட இனிப்பு. மரங்கொத்தி சுறுசுறுப்பாகத் துளை போடும். முள்ளம்பன்றி குறை சொல்லும்.

அந்த ஆண்டு மழையில் ஆற்றங்கரை வளைகள் எல்லாம் மூழ்கிப்போயின. வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டித் தரவென்றே சங்கம் வைத்திருந்த நாரை, மேட்டு நிலத்தில் பன்னிரண்டு மண்வீடுகளைக் கட்டி முடித்தது. சுவர் இருந்தது, கூரை இருந்தது. கதவுதான் இல்லை.

நரி ஒன்று தினமும் சாயங்காலம் வந்து, ஒவ்வொரு வாசலிலும் தலையை நீட்டி நலம் விசாரித்துவிட்டுப் போனது. செவந்தி என்ற முயல், தன் நான்கு குட்டிகளை உள்ளே தள்ளிவிட்டு, வாசலை முதுகால் அடைத்தபடியே உட்கார்ந்திருந்தது.

நாரை தச்சர் மன்றத்திடம் கதவு கேட்டுப் போனது. புயலில் சாய்ந்த தேக்கு மரத்தைப் பலகைகளாக அறுத்து மன்றம் அடுக்கி வைத்திருந்தது. உதவ எல்லாருக்கும் ஆசைதான்.

"நிச்சயம் செய்வோம், நாரையம்மா," என்றது கரடி. "எப்படி உதவலாம் என்று முதலில் கூடிப் பேசி ஆராய்கிறோம்."

கூடிப் பேச உட்கார வேண்டுமே. பலகைகளை எடுத்து பெஞ்சுகள் செய்தார்கள். கையை வைத்துக்கொள்ள இடமில்லை என்று முள்ளம்பன்றி குறை சொல்லவே, மறுநாள் நீளமாக ஒரு மேசை வந்தது. தலைவரும் மற்றவர்களும் ஒரே உயரத்தில் இருப்பது அழகல்ல என்று அதற்கடுத்த நாள் கரடிக்கு ஒரு பெரிய நாற்காலி வந்தது. அதன் முதுகுப் பலகை மட்டும் ஓர் ஆள் உயரம்.

ஐந்தாம் நாள் காலையில், பன்னிரண்டு வீடுகளுக்கும் கதவு தருவதென்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. எல்லாரும் கை தட்டினார்கள். மரங்கொத்தி பலகை எடுக்கப் பறந்தது. அங்கே மரத்தூள்தான் இருந்தது.

கரடி கொஞ்சமும் கலங்கவில்லை. "மரம் இல்லாமல் கதவு செய்வது எப்படி என்று ஆராய நாளைக்கு ஒரு கூட்டம்," என்றது.

செவந்தி வெளியே நாரையோடு காத்திருந்தது. முந்தின நாள் நரி அதன் கடைசிக் குட்டியின் காதைப் பிடித்து இழுத்துப் பார்த்திருந்தது. செவந்தி குட்டியின் காதைத் தூக்கி நாரையிடம் காட்டியது.

நாரை மேசையைப் பார்த்தது. பெஞ்சுகளைப் பார்த்தது. பிறகு செவந்தியின் காதில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு, கரடியின் முன்னால் போய்த் தலை குனிந்தது.

"தலைவரே, இவ்வளவு பெரிய மனதுக்கு நாங்கள் மரியாதை செய்ய வேண்டாமா? எல்லாரும் எழுந்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நான் நன்றிப் பாட்டுப் பாடுகிறேன். முடிந்ததும் உட்காரலாம்."

மரியாதை என்றதும் கரடி முதலில் எழுந்து கண்ணை மூடியது. நாரை பாடத் தொடங்கியது. நாரையின் குரல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பெஞ்சு நகர்ந்த சத்தம் யார் காதிலும் விழவில்லை. செவந்தி கூட்டி வந்த மேட்டு நிலத்து முயல்களும் எலிகளும் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போயின. மேசை மட்டும் ஆமைகளின் முதுகில் போனதால், பாட்டு பதினேழு சரணம் நீண்டது.

பாட்டு முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, தொப்பென்று தரையில் விழுந்தார்கள். கரடி மட்டும் தரையில் விழவில்லை. முள்ளம்பன்றியின் மேல் விழுந்தது.

மரங்கொத்தி அங்கே இல்லை. முதல் சரணத்திலேயே ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, விஷயம் புரிந்து, மேட்டு நிலத்துக்குப் பறந்திருந்தது.

சாயங்காலம் நரி வந்தபோது பன்னிரண்டு வாசலிலும் தேக்குக் கதவு. பழக்க தோஷத்தில் தலையை நீட்டிய நரி, வீங்கிய மூக்கோடு திரும்பிப் போனது. உள்ளே செவந்தி பல நாளைக்குப் பிறகு காலை நீட்டிப் படுத்தது.

மறுநாளும் மன்றம் கூடியது. கரடியால் உட்கார முடியவில்லை. மற்றவர்களுக்கு உட்கார ஒன்றும் இல்லை. நின்று நின்று கால் வலித்ததில், வீடுகளுக்கு ஜன்னலும் வேண்டுமே என்று கரடி சொல்லி முடிப்பதற்குள் எல்லாரும் மரம் தேடிக் கிளம்பிவிட்டார்கள்.

நீதி: உதவ மனம் இருந்தால் மட்டும் போதாது, காலத்தில் கை நீள வேண்டும்.