டீச்சர் நட்ட புல்லும் தானாய் வந்த களையும்

மொட்டப்பாறைக்காரர்கள் வெளியூருக்கு வேலைக்குப் போகும்போது மூளையை வீட்டிலேயே பத்திரமாக வைத்துவிட்டுப் போவார்கள். வெயிலில் கெட்டுப்போகும் அல்லவா!

அந்த ஊர் மாசானத்துக்குக் கல்யாணம் தட்டிக்கொண்டே போனது. பெண்ணைப் பெற்ற ஆவுடையப்பனும் அதே ஊர்தான். "மாப்பிள்ளைன்னா ஒரே எடத்துல நிலையா நிக்கணும். இன்னைக்கு இங்க, நாளைக்கு அங்கன்னு அலையுதவனுக்கு எம் பொண்ணு கிடையாது" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

எனவே நிலையான வேலை தேடி, கூட்டாளிகள் பேச்சிமுத்துவோடும் இசக்கியோடும் டவுனுக்குப் போனான் மாசானம். எஸ்தர் டீச்சர் வீட்டுக் கேட் திறந்து கிடந்தது. கூப்பிடாமலே மூன்று பேரும் உள்ளே போய் நின்று வேலை கேட்டார்கள்.

வாசலில் புல்தரை. அதில் புல்லைவிடக் கோரையும் நெருஞ்சியும்தான் செழிப்பாக இருந்தன.

"இந்தக் களையெல்லாம் வேரோட எடுத்துட்டேன்னா, பின்கட்டு அறையைக் குடுத்து உன்னய இங்கயே வேலைக்கு வச்சுக்கிடுதேன்" என்றார் டீச்சர்.

மாசானத்துக்கு அப்போதே கழுத்தில் மாலை விழுந்த மாதிரி இருந்தது. "எது புல்லு, எது களைன்னு எப்படி டீச்சர் கண்டுபிடிக்க?"

மகள் வீட்டுக்குப் பஸ் பிடிக்கும் அவசரம் டீச்சருக்கு. "நான் நட்டது புல்லு. தானா வந்ததெல்லாம் களை. போதுமா?" என்றபடி கிளம்பிவிட்டார்.

கோரை போயிற்று, நெருஞ்சி போயிற்று. அப்புறம்தான் பேச்சிமுத்து ஒரு புல்லைக் கையில் பிடித்துக்கொண்டு யோசித்தான்.

"அண்ணாச்சி, இது டீச்சர் நட்ட புல்லா?"

"அதுக்க பிள்ளையா இருக்கும்ல" என்றான் மாசானம்.

"பிள்ளையை யாரு நட்டா?"

"யாரும் நடலை. அதுவாத்தான் வந்துச்சு."

"அப்ப களைதான!"

மாசானம் சட்டென்று அந்தப் புல்லையும் வேரோடு பிடுங்கினான். நல்லவேளை, பேச்சிமுத்து கூட இருந்தான். இல்லாவிட்டால் இத்தனை களையையும் விட்டுவைத்து வேலையைக் கெடுத்திருப்பானே!

மறுநாள் மதியத்துக்குள் தரை வழுக்கைத் தலைபோல ஆனது. தானாக வந்த தவளையைத் தூக்கி வெளியே விட்டார்கள். தானாக வந்த தபால்காரரையும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக் கேட்டுக்கு வெளியே வைத்தார்கள். வேர் உள்ளே நின்றுவிட்டால் மறுபடி முளைப்பாரே என்று இசக்கி அவர் செருப்பைக் கழற்றி, உள்ளங்கால்வரை தடவிப் பார்த்துத் திருப்தியடைந்தான்.

சாயங்காலம் டீச்சர் வந்தார். தரையைப் பார்த்தார். கையிலிருந்த பை தானாகக் கீழே விழுந்தது.

"எம் புல்லு எங்கலே?"

"அதுவும் களை டீச்சர். விசாரிச்சுத்தான் எடுத்தோம்" என்றான் மாசானம் அடக்கமாக.

"உங்களை நான் கூப்பிட்டேனாலே? நீங்களா வந்தீங்க! நீங்கதாம்லே களை! மூணு பேரும் வெளிய போங்க!" டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மாசானத்துக்குக் கண் கலங்கியது. வேலை கிடைத்த சேதி கேட்டு, மாப்பிள்ளை நிலையாக இருக்கிறானா என்று பார்க்க ஆவுடையப்பன் அன்றைக்குத்தான் வருவதாகச் சொல்லியிருந்தார்.

"டீச்சர் சொன்னதுல தப்பில்லையே" என்றான் இசக்கி. "நாம தானாத்தான வந்தோம்?"

"வந்தது தப்புல்ல. யாரும் நடாம நிக்கோம் பாரு, அதாம்ல தப்பு" என்றான் பேச்சிமுத்து.

டீச்சர் காப்பி குடித்துவிட்டு வெளியே வந்தபோது, புல்தரை நடுவே மூன்று பேரும் முழங்கால்வரை குழியில் இறங்கி, சுற்றிலும் மண்ணைத் தள்ளி இறுக்கிக்கொண்டு வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"டீச்சர், உங்க கையால ஆளுக்கு ஒரு பிடி மண்ணு போட்டுருங்க. நட்ட கணக்குல சேந்துருவோம்" என்று கெஞ்சினான் மாசானம்.

அந்த நேரம் பார்த்து ஆவுடையப்பன் வந்து சேர்ந்தார். மாப்பிள்ளையை ஒரு சுற்று சுற்றி வந்தார். கையைப் பிடித்து இழுத்தார், வரவில்லை. இரண்டு கையாலும் கக்கத்தில் பிடித்துத் தூக்கினார், அப்போதும் அசையவில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு டீச்சரிடம் பணிவாகக் கேட்டார்:

"பரம திருப்தி தாயி. பொண்ணை வெளியதான் நிப்பாட்டியிருக்கேன். இவரை ஒட்டியே நட்டுறலாமா, இல்ல ஒரு சாண் எடைவெளி விடணுமா?"