ஆணி குத்திய பழங்கள்

காட்டோரத்து வேப்பமரப் பொந்தில் ஓர் அணில் தன் மூன்று குட்டிகளோடு குடியிருந்தது. அடைமழைக் காலம். வெளியே தலைகாட்ட முடியாது. மழைக்கு முன்பே ஓடி ஓடிச் சேர்த்த எலுமிச்சையும் நெல்லியும் கொய்யாவும்தான் அவற்றுக்குச் சாப்பாடு.

பக்கத்துப் பள்ளிக்கூடக் கூரையில் பகலில் படுத்திருக்கும் மரநாய் ஒருநாள் அங்கே எட்டிப் பார்த்தது.

"என்ன தங்கச்சி, உள்ளே இப்படிக் கும்மிருட்டா இருக்கு?"

"குட்டிங்க பயந்து அழுதுக்கிட்டே இருக்குதுங்க. என்ன பண்ண அண்ணே?"

"இந்தப் பழத்துல கரண்ட் எடுத்து விளக்குப் போட்டுடலாம். டீச்சர் செஞ்சதை ஓட்டு இடுக்கு வழியா நானே பார்த்தேன்."

மேல்கிளையில் நனைந்துகொண்டிருந்த கிளி சிரித்தது. "பழத்துல கரண்டா? அப்போ கொய்யா தின்ன என் வயித்துல இந்நேரம் பல்பு எரியணுமே!"

மரநாய்க்குச் சுருக்கென்றது. டீச்சர் கடைசியாகச் சொன்னதும் அதற்கு நன்றாக ஞாபகம் இருந்தது. 'ஆணியும் கம்பியும் குத்தின பழத்தை யாரும் வாயில் வைக்கக் கூடாது. உடம்புக்கு ஆகாது.' அதைச் சொன்னால் அணில் பழம் தருமா? கிளி முன்னால் மானம்தான் போகும். மரநாய் அந்தப் பேச்சை மட்டும் முழுங்கிவிட்டது.

பள்ளிக்கூடக் குப்பையிலிருந்து துத்தநாகம் பூசிய ஆணிகளையும் செம்புக் கம்பியையும் ஒரு குட்டி எல்.இ.டி. பல்பையும் பொறுக்கி வந்தது. ஒவ்வொரு பழத்திலும் ஒரு பக்கம் ஆணி, மறுபக்கம் கம்பி. ஒரு பழத்தின் கம்பியை அடுத்த பழத்தின் ஆணியில் சுற்றியது. கடைசி இரண்டு முனைகளையும் பல்பில் இணைத்தது. பல்பு எரியவில்லை.

"இன்னும் கொடு தங்கச்சி."

அணில் கொடுத்துக்கொண்டே இருந்தது. ஒரு பழமும் மிச்சமில்லாதபோது, பல்பு மிளகளவு மினுங்கியது.

"இவ்வளவுதானா?" என்றது கிளி.

"நீ சும்மா இரு. குட்டிங்க அழுகையை நிறுத்திடுச்சுங்க பாரு," என்றது அணில். பிறகு, இருப்பதிலேயே பழுத்த கொய்யாவிலிருந்து ஆணியையும் கம்பியையும் பிடுங்கிவிட்டு மரநாயிடம் நீட்டியது. "வீட்டுக்கு வந்தவங்களை வெறும் வாயோட அனுப்பக் கூடாது. முதல்ல நீங்க சாப்பிடுங்க அண்ணே. அப்புறம் குட்டிங்களுக்குத் தர்றேன்."

மரநாயின் கை நீளவில்லை. மாமா எப்போது கடிப்பார் என்று மூன்று குட்டிகளும் அதன் வாயையே பார்த்தன. திட்டியிருந்தால்கூட அது தாங்கியிருக்கும். இந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.

"தின்னக் கூடாது தங்கச்சி," என்றது தரையைப் பார்த்தபடி. "இதுல ஒண்ணையும் தின்னக் கூடாது. எனக்கு முதல்லயே தெரியும்."

"தெரிஞ்சேவா எல்லாத்தையும் குத்தினீங்க?"

அணில் பழத்தைக் கீழே வைத்துவிட்டுக் குட்டிகளை அணைத்துக்கொண்டது.

மரநாய் கொட்டுகிற மழையில் இறங்கிப் போனது. அன்று முதல் மழை விடும்வரை பொந்து வாசலில் நல்ல பழங்கள் வந்துகொண்டே இருந்தன. "உள்ளே வாங்க அண்ணே" என்று அணில் எத்தனை தடவை கூப்பிட்டும், கொண்டுவந்த மரநாய் மட்டும் முகம் காட்டவில்லை.

பேர் வாங்குவதற்காகத் தெரிந்ததில் பாதியை மறைத்தால், நம்மை நம்பியவர் முகத்தை நம்மால் நிமிர்ந்து பார்க்க முடியாது.