நெட்டைக்காலி நிறுத்திய வரிசை

ஒரு காட்டோடையின் கரையில், மருதமரத்து வேரடியில், எறும்புக் கூட்டம் ஒன்று குடியிருந்தது. மழைக்காலம் நெருங்கியதால் அந்த எறும்புகள் வீடு மாற்றிக்கொண்டிருந்தன. எதிர்க்கரையில் மேடான பாறை ஒன்று உண்டு. அதன் இடுக்கில் புது வளை தயாராக இருந்தது. ஓடையின் குறுக்கே விழுந்து கிடந்த மூங்கில்தான் பாலம்.

கொண்டுபோக வேண்டியவை முட்டைகள். அடுத்த ஆண்டு இப்படி ஒரு கூட்டம் இருக்குமா, இருக்காதா என்பதே அந்த முட்டைகளில்தான் இருந்தது.

வரிசைக்குத் தலைவி நெட்டைக்காலி. அதற்குக் கால் நீளம், பெருமை அதைவிட நீளம். எறும்புகளை மூங்கில் நெடுக நிறுத்தி, முட்டையை வாய்க்கு வாய் மாற்றிவிடும் முறையை வகுத்தது அதுதான். சட்டமும் அதுவே போட்டது. வாங்கிய எறும்பு உணர்கொம்பால் தொட்டு, ‘வந்துவிட்டது’ என்று சொல்லும்வரை கொடுத்த எறும்பு பிடியை விடக் கூடாது. வரிசையில் ஓர் இடம் காலியானால், மூங்கிலின் அடிப்புறத்தில் தொற்றிக் காத்திருக்கும் மாற்றாட்களில் ஒன்று, யாரையும் கேட்காமல் அங்கே ஏறி நின்றுவிட வேண்டும்.

காற்றடித்தாலும் வரிசை நிற்காது. குருவி கொத்தினாலும் நிற்காது. வரிசையை ஓட வைப்பது நெட்டைக்காலிக்கு அத்துப்படி. நிறுத்துவது எப்படி என்று மட்டும் அது ஒரு நாளும் யோசித்ததில்லை. நன்றாக ஓடுகிற வண்டியை நிறுத்த யாருக்குத்தான் தோன்றும்?

உச்சிவேளையில் பாசியன் என்ற தவளை ஓடையில் மிதந்து வந்து கரையேறியது. ஊர்வம்பு சொல்வதென்றால் அதற்குக் கொள்ளை ஆசை. ஆனால் அன்று அது சொன்னது வம்பு இல்லை.

“மேல மலையில பேய்மழை. செந்தண்ணி கிளம்பிடுச்சு. மரத்து நிழல் அந்தப் பாறையைத் தொடறதுக்குள்ள இந்த மூங்கில் இங்க இருக்காது.”

நெட்டைக்காலி வானத்தைப் பார்த்தது. ஒரு மேகம்கூட இல்லை. ஓடையைப் பார்த்தது. தண்ணீரின் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. உடனே மூங்கிலின் நடுப்பகுதிக்கு ஓடி, முதலில் கண்ணில் பட்ட எறும்பைப் பிடித்து இழுத்து, வேலை முடிந்தது, ஓடிப்போ என்று நெட்டித் தள்ளியது.

தள்ளிய வேகத்தில் அந்த எறும்பு முட்டையை நழுவவிட்டது. அது விலகியதுதான் தாமதம், அடிப்புறத்திலிருந்து ஒரு மாற்றாள் மேலே ஏறி அந்த இடத்தில் நின்றுகொண்டது.

“நான் இறங்கச் சொல்றேன், நீ ஏன் ஏறி நிக்கறே?” என்று சீறியது நெட்டைக்காலி.

“இடம் காலியாச்சே அக்கா. காலியானா கேக்காம வந்து நிக்கணும்னு நீதானே சொன்னே?”

அதையும் தள்ளியது. இன்னொன்று வந்தது. ஒன்றைத் தள்ளினால் ஒன்று, பக்கத்தில் உள்ளதைத் தள்ளினால் வேறொன்று. இதற்கிடையே பழைய வளையிலிருந்து முட்டைகள் வழக்கம்போல வந்துகொண்டே இருந்தன. கொடுக்க நீட்டிய வாய்க்கு எதிரே வாங்க வாய் இல்லை. எறும்புகள் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

நழுவிய முட்டைகள் வெள்ளைப் பொரி மாதிரி தண்ணீரில் மிதந்தன. மீன் ஒன்று வந்து வாயைத் திறந்தது. நெட்டைக்காலி அதைத் தன் கண்ணாலேயே பார்த்தது.

கரையிலிருந்து பாசியன் கேலியாகச் சொன்னது: “மடையைத் திறந்து வச்சிட்டு, வாய்க்கால் நடுவுல நின்னு தண்ணியைத் தள்றவளை இன்னைக்குத்தான் பாக்கறேன்.”

கேலிதான். ஆனால் சுருக்கென்று தைத்தது. மடை என்றால் பழைய வளையின் வாசல். அங்கே நின்று முட்டைகளை வெளியே எடுத்துக் கொடுப்பது பெருந்தலை என்ற காவல் எறும்பு. நெட்டைக்காலி கிடைத்த இடுக்கில் எல்லாம் புகுந்து அதனிடம் ஓடியது.

இனி ஒரு முட்டையும் வெளியே வரக் கூடாது என்றது. உள்ளே இன்னும் நிறைய இருக்கிறதே என்று பெருந்தலை தயங்கியது. உள்ளே இருக்கும் எறும்புகளைக் கொண்டு, வேருக்குள் இருக்கும் வழியாக அவற்றை மேலே மரப்பொந்துக்கு ஏற்றச் சொன்ன நெட்டைக்காலி, “நீ மட்டும் வாசலை விட்டு அசையாதே. உன் தலையாலயே அடைச்சுக்கோ,” என்றது. பெருந்தலை அப்படியே அடைத்துக்கொண்டது.

தள்ளுவது நின்றதால் காலி இடங்களில் மாற்றாட்கள் ஏறிவிட, வரிசை மறுபடி நகர்ந்துகொண்டிருந்தது. அடுத்து நெட்டைக்காலி மாற்றாட்களுக்குப் புதுச் சட்டம் சொன்னது. கடைசி முட்டை கடந்துபோன இடம் காலியானால், அது காலியாகவே இருக்கட்டும். யாரும் ஏற வேண்டாம், அங்கே அடிப்புறத்தில் இருப்பவை எதிர்க்கரைக்குப் போய்விட வேண்டும்.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை, பொறுத்திருப்பதைத் தவிர. நெட்டைக்காலிக்கு அதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. மேலே எங்கோ தண்ணீர் இரைவது கேட்டது. ‘ஓடுங்கள்’ என்று கத்த வாய் துடித்தது. கத்தினால் மூங்கில் மேல் இருக்கும் முட்டைகள் அத்தனையும் மீனுக்குத்தான் என்று அதற்குத் தெரியும். வாயை இறுக மூடிக்கொண்டது.

“அக்கா, தண்ணி மூங்கிலைத் தொடுது. போயிடட்டுமா?” என்று வரிசையில் நின்ற ஓர் எறும்பு அழாத குறையாகக் கேட்டது.

“வாயில இருக்கிறதைக் கொடு. தொட்டுச் சொன்னதும் போ. நான் உனக்குப் பின்னாலதான் வர்றேன்.”

கடைசி முட்டை நகர்ந்தது. அதைக் கொடுத்து, தொடுதல் கிடைத்த எறும்பு ஒவ்வொன்றும் எதிர்க்கரையைப் பார்த்து நடந்தது. வரிசை பின்பக்கத்திலிருந்து மெல்லக் கரைந்துகொண்டே போனது. எல்லோருக்கும் பின்னால் நெட்டைக்காலி நடந்தது. பாறை இடுக்கில் கடைசி முட்டைக்கு, ‘வந்துவிட்டது’ என்று உணர்கொம்பு தொட்டது. நெட்டைக்காலி பாறையில் கால் வைத்த சற்று நேரத்தில் செந்தண்ணீர் வந்து மூங்கிலை அடித்துக்கொண்டு போனது.

எறும்புகள் ஆடிக் களித்தன. நெட்டைக்காலி ஒதுங்கி நின்றது. வெள்ளத்திலிருந்து தப்பிவிட்டோமே, இன்னும் என்ன வருத்தம் என்று மற்ற எறும்புகள் கேட்டன.

“வெள்ளம் நம்மகிட்டேருந்து ஒரு முட்டையைக்கூட எடுக்கலை. மீனுக்குப் போனதெல்லாம் நான் தள்ளிவிட்டது,” என்றது நெட்டைக்காலி.



வெள்ளம் வடிந்தபின் வேறொரு கிளை பாலமானது. பெருந்தலை வாசலைத் திறந்து, நிறுத்திவைத்த முட்டையிலிருந்தே மீண்டும் எடுத்துக் கொடுக்கத் தயாரானது. ஆனால் முதல் முட்டையை வாங்கும் முன், நெட்டைக்காலி எல்லோரையும் கூட்டி, இந்த வரிசையை எப்படி நிறுத்துவது என்பதைச் சொல்லிக்கொடுத்தது. அதன் பிறகுதான் வேலை தொடங்கியது.

நிறுத்துவதும் ஒரு வேலைதான். புறப்படும் இடத்தில் அடைத்துவிட்டு, நடுவழியில் உள்ளது கரை சேரும்வரை பொறுத்திருப்பவரே அந்த வேலையை அறிந்தவர்.