சிங்காரம் ஊத்துன வட்டத் தோசை

ஒரு ஊர்ல ஒரு மகா கெட்டிக்காரன் இருந்தான். பேரு சிங்காரம். ஆமா, உங்கப்பன் பேருதான். என் தம்பிக்கு அந்தப் பேரை வெச்சது நானா? நீ "ம்" கொட்டு, அத்தை சொல்றேன்.

அவன் ஒரு நாள் பொண்டாட்டிகிட்ட, தோசை ஊத்துறதெல்லாம் ஒரு வேலையான்னு கேட்டான். அவ சண்டையே போடல. பக்கத்துத் தெருவுல இருக்குற அம்மா வீட்டுக்குப் பையோட கிளம்பிட்டா. "வட்டமா ஒரே ஒரு தோசை ஊத்தி வைங்க, சாயங்காலம் வந்து பார்ப்பேன். இல்லேன்னா அங்கேயே இருந்துக்கிறேன்"னு சொல்லிட்டுப் போனா.

அப்புறம் நம்ம ஆளு அடுப்பை முழுசாத் திறந்து விட்டான். பெரிய மனுஷனுக்குப் பெரிய தீ வேணாமா? கல்லுல தண்ணி தெளிச்சான். துளியெல்லாம் குடுகுடுன்னு உருண்டு ஓடுச்சு. ஆகா, கல்லு சந்தோஷமா இருக்குன்னு நினைச்சுக்கிட்டான். மாவை ஊத்துனான். சொர்ர்ர். விழுந்த இடத்துலேயே கெட்டியாயிடுச்சு. இழுத்தா கரண்டியோடவே எழுந்து வருது.

ம்.

அப்போ தப்பு யாரு மேல? மாவு மேலதான். ஒரு கிண்ணத்துல மாவெடுத்து, தண்ணியை ஊத்திக் கரைச்சான். சொய்ங். ஓடுன மாவு ஓரத்துல காய்ஞ்சு நின்னுடுச்சு, நடுவுல பூரா ஓட்டை. கொசுவலைக்கு ஆகும். அப்புறம் எண்ணெய் பத்தலைன்னு கண்டுபிடிச்சான். கடகடன்னு கவுத்தான். மாவு வழுக்கிட்டுப் போய் ஒரு மூலையில சுருண்டுக்கிச்சு. அவ வரவே மாட்டாளோன்னு அவனுக்கு அழுகை வந்துடுச்சு. அதைக் கேட்டப்போ எனக்கே பாவமா இருந்துச்சு.

தூங்கிட்டியா? ம்.

அப்போ பொசுக்குன்னு கேஸ் தீர்ந்துச்சு. கெட்டிக்காரனுக்கு அதுகூடத் தெரியல. கல்லு மெதுவா ஆறுச்சு. போனாப் போகுதுன்னு எண்ணெயைத் துடைச்சுட்டு, மிச்ச மாவுல ஒரு கரண்டி ஊத்துனான். சத்தமே இல்ல. கரண்டி சுத்துற பக்கமெல்லாம் மாவும் சுத்துது. நிலா மாதிரி வட்டம். வேகத்தான் இல்ல.

அந்த நேரம் பார்த்து பொண்டாட்டி உள்ள வந்தா. "வட்டம் வந்துடுச்சே"ன்னா.

"அடுப்பு அணைஞ்சு போச்சு"ன்னான், தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு.

"அதான் வந்துருக்கு. நீங்க வெச்ச சூட்டுக்கு, மாவு கல்லைத் தொட்டதுமே அதுல இருக்குற தண்ணி ஆவியாப் போயிடும். அப்புறம் எதை வெச்சுப் பரவும்?"

சிலிண்டரை மாத்தி, அந்தத் தோசையை வேகவெச்சு எடுத்தா. தண்ணி தெளிச்சா, பாதி வெங்காயத்தால தேச்சா, தீயைக் குறைச்சா. பையை உள்ள கொண்டுபோய் வெச்சுட்டு வந்து, கரண்டியை அவன் கையிலேயே குடுத்தா. அது ஒரு வேலையே இல்லையாமே.

இப்போ சொல்லு, இந்த வீட்டுல தினமும் தோசை ஊத்துறது யாரு?

ம், உங்கப்பாதான்.

கல்லும் ஆறிடுச்சு, கதையும் ஆறிடுச்சு. கண்ணை மூடு.