அரசரின் தாடைக்கு வந்த கத்தி

கொன்றையூர் அரசர் வில்லவராயருக்குப் புதுமை என்றால் உயிர். கடல் கடந்து வந்த வணிகர் ஒருவர் அவருக்கு ஒரு வெட்டுப்பொறியைக் கொடுத்துவிட்டுப் போனார். துளையிட்ட அட்டையைச் செருகினால் போதும். நகக்கண் அளவுள்ள ஒரு கத்தி தானே ஓடி, அட்டை சொன்னபடி பூவும் கொடியுமாக வெட்டித் தள்ளும். பொறி அவையின் விகடப் புலவர் மருதியின் பொறுப்பில் இருந்தது.

மருதி மூன்று கத்திகள் வைத்திருந்தாள். காகிதத்துக்கு ஊசிமுனை, பட்டுக்குக் கூராகச் சரிந்த முனை, சேணத்தோலுக்குத் தடித்தது. வேலை முடிந்ததும் துடைத்து, எண்ணெய் தொட்டு, உறையில் போடுவாள். மழுங்கினால் அன்றே சாணைக்குப் போகும்.

அவையில் அவளுக்குக் கிடைக்கும் சிரிப்பு அமைச்சர் பரிதியப்பருக்குப் பொறுக்கவில்லை. ஒரு பொறிக்கு மூன்று கத்தியா, ஒரு வயிற்றுக்கு மூன்று வாய் எதற்கு என்று அரசர் காதில் ஓதினார். கத்தி என்றால் கத்திதானே என்று அவையிலும் சொன்னார். அரசரும் யோசிக்காமல் ஆணையிட்டார்.

"இனி அரண்மனையில் ஒரே கத்திதான். ஒடியும்வரை மாற்றவும் கூடாது, தீட்டவும் கூடாது."

அந்த ஒற்றைக் கத்தி முதலில் யானைச் சேணத்துக்குத் தோல் வெட்டியது. அடுத்துப் பசை தடவிய அட்டை. அதற்கடுத்துக் காகிதத் தோரணம். எலி கடித்ததுபோல வந்தது. கடைசியில் தேர்க்கொடிக்கான பட்டுத்துணியை வைத்தபோது அது நூல் நூலாகப் பிரிந்து, பொறியையே சுற்றிக்கொண்டது. மறுநாள் தேரோட்டம். தேர் கிளம்புமுன் கொடி ஏறாவிட்டால் நாட்டைவிட்டே போகலாம் என்று அரசர் மருதியிடம் சொல்லிவிட்டார். பரிதியப்பர் மீசையை முறுக்கிக்கொண்டார்.

மருதி நேரே அரண்மனை நாவிதர் மாசாணத்தைப் பார்க்கப் போனாள்.

விடிந்ததும் அரசர் சவரத்துக்கு உட்கார்ந்தார். அமைச்சர் பக்கத்தில் நின்று அன்றைய அலுவல்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். மாசாணம் அரசர் முகத்தில் எண்ணெய் தடவி, ஒரு குச்சியை எடுத்தார். குச்சி நுனியில் பொறியின் கத்தி கட்டியிருந்தது. முனையில் தோல் பிசிறு, காய்ந்த பசை, நாலைந்து பட்டு நூல்.

அரசர் தலையைப் பின்னுக்கு இழுத்தார். "என்ன இது?"

வாசலில் நின்ற மருதி பணிவாகச் சொன்னாள். "அரண்மனையில் ஒரே கத்தி என்பது ஆணை, அரசே. தங்கள் சவரம் முடிந்ததும் கொடி வெட்ட வேண்டும். கொஞ்சம் சீக்கிரம்."

"என் தாடையும் யானைச் சேணமும் ஒன்றா?"

"இல்லை என்றுதான் நானும் நினைத்தேன். கத்தி என்றால் கத்திதான் என்று அமைச்சர் சொல்லிவிட்டார்."

அரசர் அமைச்சரைப் பார்த்தார். "அப்படியானால் முதல் சவரம் உமக்கு. உட்காரும்."

மாசாணம் எண்ணெய்க் கிண்ணத்தோடு திரும்பினார். பரிதியப்பர் இரண்டு கைகளாலும் மீசையைப் பொத்திக்கொண்டார். முகத்துக்கு வேறு கத்தி, தோலுக்கு வேறு கத்தி, அதுவும் தீட்டிய கத்திதான் வேண்டும் என்று ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டார்.

அரசர் எண்ணெய் வழியும் முகத்தோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆணை அங்கேயே ரத்தானது. பட்டுக்கத்தி உறையைவிட்டு வந்தது. தேர் அசையுமுன் கொடி ஒரு பிசிறில்லாமல் ஏறியது.

அன்று மாலை அவையில் அரசர் தன் முத்துமாலையைக் கழற்றி மருதிக்குக் கொடுத்தார்.

"எல்லாம் சரி, மருதி. உன் நாக்கை மட்டும் எங்கே தீட்டுகிறாய்?"

"நான் எங்கே போவேன், அரசே? நீங்களே ஒரு சாணைக்கல்லை எனக்கு எதிரில் அமைச்சராக உட்கார வைத்திருக்கிறீர்களே."