தென்னை மூட்டில் கொட்டிய கரி

முதலில் எனக்குக் கெடுதல் செய்தவன் தங்கப்பழம். இதைப் பதினொரு வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் யுரேனியம் இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் ஜெபராணி டீச்சர். கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர். என்னைவிட இருபது வயது இளையவர். என் கரிச் சூளைக்கு வந்து, தேங்காய்ச் சிரட்டைக் கரியை நீராவியில் பதப்படுத்தக் கற்றுக்கொடுத்தார். அதைத் தொட்டியில் நிரப்பி அதன் வழியாகத் தண்ணீரை விட்டோம். யுரேனியத்தைக் கரி பிடித்துக்கொண்டது. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் அவருக்குச் சீடனானது அப்படித்தான்.

பிடித்துப் பிடித்து நிறைந்துபோன கரியை மாற்றுவது தங்கப்பழத்தின் வேலை. டிரம்மில் போட்டு மூடச் சொல்லியிருந்தார் டீச்சர். இவ்வளவு நல்ல கரியை வீணாக்க அவனுக்கு மனம் வரவில்லை. கிணற்றடித் தென்னை மூட்டில், வேரைச் சுற்றிக் கொட்டினான். தென்னைக்குக் கரியும் சாம்பலும் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நானாக இருந்தாலும் போட்டிருப்பேன். அது வேறு விஷயம்.

மழை பெய்தது. கிணற்றில் யுரேனியம் கூடியது.

ஊர்க்கூட்டத்தில் தங்கப்பழம் எழுந்து, என்னைக் காட்டி, "ஆதிலிங்கம் சுட்ட கரியே மட்டம்" என்றான்.

என் சூளை மூன்று மாதம் அணைந்து கிடந்தது. பிறகு டீச்சர் தென்னை மூட்டைத் தோண்டிக் காட்டினார். ஊர் ஒத்துக்கொண்டது. அவன் மட்டும் வாய் திறக்கவில்லை.

அவன் மனைவி இறந்தபோதும் நான் போகவில்லை. என் மகளையும் போக விடவில்லை. அவளும் அவன் மகளும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

போன மாதம் அவன் மகள் வந்தாள்.

"மாமா, அப்பா வாதம் வந்து படுத்திருக்காவ. பேச்சு குழறுது. உங்களப் பாக்கணும்னு சொல்லுதாவ."

நான் டீச்சரிடம் போனேன்.

"கூட்டத்துல வச்சுச் சொன்னான். கூட்டத்துல வச்சுத்தான் வாபஸ் வாங்கணும். நான் எதுக்குப் போகணும் டீச்சர்?"

டீச்சர் ஒரு புட்டியில் தண்ணீர் எடுத்தார். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்தார். என் கரியில் ஒரு பிடி போட்டுக் குலுக்கி வைத்தார். நாங்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் தண்ணீர் தெளிந்தது. தண்ணீரை மட்டும் கொட்டிவிட்டு மறுபடி நீலத் தண்ணீர் ஊற்றினார். தெளிந்தது. நான்காவது தடவை தெளியவில்லை.

"கரி நிறைஞ்சிட்டு" என்றேன்.

நீலத்தை வடித்துவிட்டு, நல்ல வெந்நீர் ஊற்றி மூடினார். கொஞ்ச நேரத்தில் கரியைச் சுற்றி நீலம் கசிந்தது.

"இந்தத் தடவை நான் நீலம் ஊத்தல அண்ணாச்சி."

புட்டியை அலமாரியில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"உங்க மக அந்தப் பிள்ளைகிட்ட இப்போ பேசுறாளா?"

"இல்ல."

மூன்று நாள் யோசித்துவிட்டுத் தங்கப்பழத்தைப் பார்க்கப் போனேன். என்னைப் பார்த்ததும் அவன் வாய் ஒரு பக்கம் கோணியது. சத்தம் வரவில்லை. கால் மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

"சொன்னாரா?" என்று கேட்டார் டீச்சர்.

"பேச்சு நேத்தே நின்னுட்டாம்."

"முந்தாநாள்?"

"முந்தாநாள் பூரா என் பேரச் சொல்லிக்கிட்டுக் கிடந்தானாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல? சொல்ல வேண்டியது அவன்லா?"

டீச்சர் அலமாரியிலிருந்து அந்தப் புட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். அடியில் கரி கிடந்தது. தண்ணீர் முழுக்க நீலம்.

"அவன் எனக்கு ஒரு வார்த்தை தரணும் டீச்சர். இன்னும் தரல."

"ஆமா. தரல."

புட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இத எங்க கொட்ட?"

"தென்னை மூட்டுல வேண்டாம் அண்ணாச்சி."